ஐந்து மணிக் குழாய்

குத்தாயிசியில் எங்கள் மேட்டுத் தெருவுக்குத்
தண்ணீர் விடுவது விடியற்காலை ஐந்துக்கு.
சில நாள் நாலே முக்காலுக்கு. சில நாள் கிடையாது.
முதலில் குழாய் இருமும்,
பிறகு துருநிறத்தில் துப்பும்,
பிறகு அரைமணி நேரம்
மனசு வைத்து ஒழுகும்.

"வந்திருச்சு! எழுந்திரிங்க சோம்பேறிகளா!"
முற்றத்திலிருந்து கத்துவான் தெங்கிஸ்.
கீழ்வீட்டுக்காரன். படிக்கட்டு அதிரும் குரல்.
அவனோடு நான் பேசிப் பதினோரு வருஷம்.
ஒரு வால்நட் மரக்கிளை விவகாரம்.
தப்பு யார்மேல் என்பது
மரத்துக்கே மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

நேப்பிள்ஸில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிச்
சம்பாதிக்கிற என் மகள் சியூரி
போனில் சொன்னாள்:
"அம்மா, படுக்கும் முன்
நன்றி சொல்ல மூணு விஷயம் எழுது. தூக்கம் வரும்."
முப்பது வருஷம் மாத்திரை விற்றவள் நான்,
எதைத் தின்றால் தூக்கம் வரும் என்று எனக்குத் தெரியும்.
இருந்தாலும் எழுதினேன்,
மருந்துக்கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்.

தண்ணீர் வந்தது.
முழங்கால் இன்று படியில் ஏதும் சொல்லவில்லை.
சீஸ் கடைக்காரி பழைய பாக்கியை மறந்துவிட்டாள்.

மறுநாளும் தண்ணீர் வந்தது.
அதற்கு மறுநாளும்.
இருபது பக்கத்துக்குத் தண்ணீர் வந்தது.
வந்ததை யார் சொன்னது என்று
ஒரு பக்கத்திலும் இல்லை.
தெங்கிஸ். ஜார்ஜிய எழுத்தில் ஆறே எழுத்து.
ஆறும் வளைந்த எழுத்து.
கைதான் வளையவில்லை.

மார்ச்சில் ஒரு செவ்வாய்,
கண்விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது.
ஏழு மணி.
குழாயைத் திருகினேன்: காற்று.
வாளி ஐந்தும் வாய் பிளந்து கிடந்தன.
படிக்கட்டில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.
நாலாம் மாடி நானுலி
குழந்தைத் துணிக் கூடையோடு நின்றாள்.
"தெங்கிஸுக்குக் கண் ஆபரேஷன்.
நேற்றே கூட்டிப் போயாச்சு. தெரியாதா?"
தெரியாது.
எப்படித் தெரியும்.

கடையில் மிச்சமிருந்தது சோடா பாட்டில் மட்டும்.
அதில்தான் முகம் கழுவினேன்,
கன்னமெல்லாம் குமிழி வெடித்தது.
அதிலேயே பீன்ஸை வேகவைத்தேன்.
வேகும்வரை நின்று யோசித்தேன்:
பதினோரு வருஷமும் நாலரைக்கு எழுந்து
பனியில், இருட்டில்,
குழாயடியில் நின்றிருக்கிறான்.
எனக்காக அல்ல, சரி.
என்னை விட்டுவிட்டும் அல்ல.
என் ஜன்னல் வந்ததும்
குரலைத் தணித்துக்கொண்டதில்லை ஒருநாளும்.

மறுநாள் அலாரம் வைத்தேன்.
இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு
முற்றத்தில் நின்றேன். பற்கள் தந்தியடித்தன.
குழாய் இருமியதும் கத்தினேன்.
என் வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை,
அவனுடையதுதான் வந்தது,
சோம்பேறிகளா உட்பட.
விளக்குகள் மாடிக்கு மாடி ஏறி எரிந்தன.
யாரும் நன்றி சொல்லவில்லை.
"மெதுவாக் கத்து மாக்வாலா,
குழந்தை தூங்குது" என்றாள் நானுலி.
ஒன்பது நாள்.

பத்தாம் நாள் நான் கோட்டைத் தேடும்போதே
கீழே அவன் குரல், கொஞ்சம் கரகரத்து.
இறங்கிப் போகவில்லை.
கிளை கிளைதான்.
அவன் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் வரை பொறுத்து
சூப் கரண்டியால்
எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குழாயில்
இரண்டு தட்டு தட்டினேன்.

சற்று நேரம் வெறும் தண்ணீர்ச் சத்தம்.
பிறகு கீழிருந்து ஒரு தட்டு.
ஒன்றுதான். கஞ்சன்.

ராத்திரி நோட்டில்
தண்ணீர் வந்தது என்று எழுதி,
பக்கத்தில்
ஆறு எழுத்தில் இரண்டைப் போட்டேன்.
மீதியை நாளைக்குப் பார்க்கலாம்.