பத்தொன்பதாம் மாடி

பதினான்கோடு நின்றுவிட்டது கட்டடம்.
ஓஸ்லோவிலிருந்து வந்த பல் மருத்துவர்
ஒப்பந்தத்தை விரித்து
பத்தொன்பதைக் காட்டச் சொன்னார்.

மின்தூக்கிக்குக் குழி மட்டும் இருந்தது.
காவலாளி ஸாவூரி முன்னால் ஏறினார்.
உச்சியில் துருக்கம்பிகள்,
கீழே பத்தூமி, கருங்கடல்.

"அதோ, அந்தக் கடற்காகம் திரும்புகிறதே,
அங்கேதான்
உங்கள் சமையலறை."

மருத்துவர் சிரிக்கவில்லை.

இந்த நாட்டில் பணத்துக்குப் பெயர் லாரி.
சிமெண்ட் லாரிகள் நின்ற மாதம்
அந்த லாரியும் படுத்துவிட்டது.
கொத்தனார் கூலி, ரொட்டிக்கடைக் கடன்,
ஸாவூரி மகளின் கல்லூரிக் கட்டணம்
எல்லாமே அந்தக் கிரேனில்தான் தொங்கியிருக்கின்றன;
வந்தவர்கள் கடலை மட்டும் பார்த்துக்
கையெழுத்துப் போட்டார்கள்.

இறங்கும்போது ஏழாம் மாடியில் நின்று
ஸாவூரி கேட்டார்:
"எனக்கும் நாலு மாதச் சம்பளம் பாக்கி.
வழக்கில் உங்கள் பெயருக்குக் கீழே
ஒரு வரி இடமிருக்குமா?"