பதினான்காம் பக்கத்து ஓட்டை

என் வேலை அழுக்கெடுப்பது.
ஒஹையோ, பார்மா, சலவைக்கடைக்கு மேல்மாடி.
கீழே திருமதி ஹ்லாத்கியின் இயந்திரங்கள்
ஊர்க்கோட்டுகளைச் சுழற்றுகின்றன.
மேலே நான்
அறுபத்தேழு வருடம் பழுத்த தாளைத்
திரையில் விரித்து வெளுக்கிறேன்.

முப்பது இதழ்கள் ஒரே தொகுதி ஆகின்றன.
மூன்றரைக் கிலோ.
துணி அட்டை, பொன் எழுத்து, பட்டு நாடா,
நுழைத்துவைக்க ஒரு பெட்டி.
விலை இருநூற்று இருபத்தைந்து டாலர்.
உள்ளே ஒவ்வோர் இதழின் முகத்திலும்
பத்து சென்ட் என்றிருக்கிறது.
அதை மட்டும் தொடாதே என்பது உத்தரவு.

மற்றதையெல்லாம் தொடலாம்.
கம்பி விட்ட துருவை,
ஜாம் பூசிய பெருவிரலை,
பனித்தாடை வில்லனுக்கு யாரோ
பென்சிலால் முளைக்கவைத்த மீசையை.
அன்று வெள்ளையாக இருந்தது இன்று தேநீர்.
மறுபடி வெள்ளையாக்கலாம்,
அன்றுகூட இல்லாத வெள்ளையாக.

ஒன்பதாவது இதழ்
ஸ்போகேனிலிருந்து இரவலாக வந்தது.
பதினான்காம் பக்கத்தில் ஓட்டை.
மொண்ணைக் கத்தரிக்கோல், மூலையில்
பொறுக்கமாட்டாமல் கையாலும் கிழித்திருக்கிறது.
அங்கே இருந்தது ஒரு கூப்பன்
(பத்தாவது இதழில் அது முழுசாக இருக்கிறது):
இருட்டில் ஒளிரும் மோதிரம்,
ஐம்பது சென்ட், பெயர், முகவரி,
ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுத்திருக்கவும்.

மறுபுறம் என்ன இருக்கிறதென்று
அந்தப் பையன் பார்க்கவில்லை,
அல்லது பார்த்துவிட்டுத்தான் வெட்டினான்.
பதின்மூன்றாம் பக்கம், கடைசிக் கட்டம்:
மஞ்சள் கையுறைக்காரன் ஓங்கிய கை
முழங்கையோடு நின்றுபோகிறது.
முஷ்டி இருக்கவேண்டிய இடத்தில்
பதினைந்தாம் பக்கம் எட்டிப்பார்க்கிறது,
ஒரு ஜன்னல், பாதிப் பூனை.
அவன் வீட்டில் அந்த வில்லன்
அடியே வாங்கவில்லை.
பூனையிடம் தோற்றான்.

உள்ளட்டையில் பெயர் வேறு.
சாய்ந்த பென்சிலில்,
வெண்டல் ஓ. ஸ்க்ரோகின்ஸ்,
தனிச்சொத்து, தொட்டால் தொலைந்தாய்.

தொட்டேன்.

முஷ்டி டுலூத்திலிருந்து வந்தது,
ஒரு வக்கீலின் வங்கிப் பெட்டகத்திலிருந்து.
யாரும் படிக்காத பிரதி. விரல் படாத முஷ்டி.
முழங்கையில் ஒட்டி மஞ்சளுக்கு மஞ்சள் பொருத்தினேன்.
வியாழக்கிழமை நள்ளிரவு தாண்டி
ஒருவழியாக
அடி விழுந்தது.

கார்ட்னர் எழுதினார்:
அபாரம் டெனீஸ், தையலே தெரியவில்லை.
அப்புறம், விளம்பரப் பக்கங்கள் வேண்டாம், எடுத்துவிடு.
எடுத்தேன்.
இப்போது வெட்டுவதற்கு
அங்கே ஒன்றும் இல்லை.

என் கணினியில் ஒரு கோப்புறை உண்டு.
எடுத்ததையெல்லாம் அதில் போடுகிறேன், யாரும் கேட்டதில்லை.
துரு ஒரு வரிசை, ஜாம் ஒரு வரிசை, மீசைகள் பதினொன்று.
வெண்டலின் பெயரையும் போட்டேன்.
ஓட்டையைத்தான் எப்படிப் போடுவதென்று தெரியவில்லை.
கடைசியில்
சுற்றிலும் அரை அங்குலத் தாள் சேர்த்து
எடுத்துவைத்தேன்.

வாங்குகிறவர்கள் இரண்டாக வாங்குவார்கள் என்கிறார் கார்ட்னர்,
ஒன்று படிக்க, ஒன்று படிக்காமலிருக்க.
நவம்பரில் எனக்கும் ஒன்று வந்தது.
எந்த ரகமென்று
மேலே எழுதியிருக்கவில்லை.

பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்தேன்.
மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகிறது.
தரையில் குப்புறப் படுத்துத்தான் படிக்கவேண்டும்,
இரண்டு பாதமும் காற்றில் ஆட.
கீழே யாருடைய கோட்டோ சுழல
பலகை என் வயிற்றில் அதிர்ந்தது.
பதின்மூன்றாம் பக்கத்தில்
முஷ்டி தாடையில் இருக்கிறது.
நல்ல முஷ்டிதான்.

தாளைத் திருப்பினேன்.
முழுப் பூனை.
நாற்பது மணிநேரம் இந்த இதழைத் துடைத்திருக்கிறேன்,
அதன் வாலை இப்போதுதான் பார்க்கிறேன்.
இடிகிற கட்டிடத்துக்கு முதுகைக் காட்டி
ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது,
தெருவைப் பார்த்து,
தபால் வருகிற பக்கமாக.