வாஷர்

லூடன்ஷைடில் பாலம் இல்லாத வருடம்.
நெடுஞ்சாலையிலிருந்து இறக்கிவிடப்பட்ட லாரிகள்
ஒன்றன் வாலை ஒன்று பிடித்து ஊருக்குள் நகர,
பக்கத்து இருக்கையில் பெட்டிக்கும் பெல்ட் போட்டு
நான் வந்து சேர்ந்தபோது மணி இரண்டேகால்.
வாசலில் தந்த அட்டையில் 'ஃப்ராவ் தயாப'.
மீதி எழுத்துக்கு இடமில்லை.

நூற்றறுபது டன் பிரஸ். நிமிடத்துக்கு எண்பது அடி.
உள்ளே போவது பித்தளை நாடா,
வெளியே விழுவது
சுவர் பிளக்குக்குள் ஒளியப்போகும் சிறு நாக்கு.
அச்சின் விலை என் மூன்று வருடச் சம்பளம்.
ஃபோர்மேன் க்ருமனெர்ல் அதைச் சொன்னபோது
என் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்ஸைப் பார்த்தார்.

"விழாத பாலத்தை மூடினார்கள்.
உடையாத அச்சை நிறுத்த
இப்போது உன்னை அனுப்பியிருக்கிறார்கள்."

நான் பதில் சொல்லவில்லை. டிரில் சொன்னது.

கிராங்க் தண்டின் நுனியில் என்கோடர்.
டயல் கேஜின் முள் ஏறி, தயங்கி, திரும்பும் இடத்தை
இரு பக்கமிருந்தும் அளந்து
நடுவில் பூஜ்யம் குறித்தேன்.
அங்கிருந்து எல்லாம் பாகைக் கணக்கு.
பஞ்ச் நாடாவைத் தொடுவது நூற்றைம்பதில்.
பிரேக் பிடித்து நிற்க எழுபது வேண்டும்.
ஆகவே எண்பதுக்கு மேல் தெரியவரும் எதுவும்
தெரிந்தும் தெரியாததுதான்.
இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஒரு ஜன்னல் திறந்துவைத்தேன்:
நாடா வந்துவிட்டதா என்று சென்சார்
அதற்குள் சொல்லியாக வேண்டும்,
ஒவ்வொரு சுற்றிலும், புதிதாக.

மூன்றாம் நாள் போன்.
ஒரு ஷிஃப்டில் நாற்பது முறை நின்றது,
காரணமே இல்லாமல்.
ஐந்தாம் நாள் மறுபடி போன்:
இப்போது ஓடவே மாட்டேன் என்கிறது.

போய்ப் பார்த்தேன்.
சென்சாரின் மூக்கில், டேப் போட்டு ஒட்டிய
ஓர் இரும்பு வாஷர்.
க்ருமனெர்ல் ஒட்டினாரா, இரவு ஷிஃப்ட் போஷேனாவா
என்று கேட்கவில்லை.
யாரோ களைத்துப்போய் ஒட்டியது, அவ்வளவுதான்;
நாடா வந்தாலும் 'ஆம்', வராவிட்டாலும் 'ஆம்'.

இந்தப் பெட்டிக்கு அது போதாது.
ஆம் என்ற வாய்
அதே சுற்றுக்குள் இல்லை என்றும் சொல்ல வேண்டும்.
எப்போதும் தலையாட்டுபவனை
இது செத்தவன் கணக்கில் எழுதி
சிவப்பு விளக்கைப் போட்டுவிடும்.

டேப்பை உரிக்கும்போதுதான் உறைத்தது.
இரும்பை நான்கு மில்லியில் உணரும் சென்சார்
பித்தளையை இரண்டுக்குள்தான் உணரும்.
நான் இடைவெளி வைத்தது, பையில் இருந்த
இரும்புத் தகட்டைக் காட்டி.
நாற்பது முறை பொய்யாக நின்றது
பெட்டியின் குணமல்ல, என் அவசரம்.

"தப்பு என்னுடையது" என்றேன்.
க்ருமனெர்ல் முதல்முறையாக உட்கார்ந்தார்.
காப்பி ஒன்று வந்தது; சீனி கேட்காமலே போட்டிருந்தது.
பிராக்கெட்டை இரண்டரை மில்லி முன்னுக்கு நகர்த்தி
நூறு அடி ஓடவிட்டோம், பிறகு ஆயிரம்.
நிற்கவில்லை.

பதினோரு நாள் கழித்து, விடிகாலை மூன்று மணிக்கு
போஷேனாவிடமிருந்து ஒரு படம்:
எண்ணெய் படிந்த உள்ளங்கையில் உளுந்தளவு பித்தளைத் துண்டு.
பஞ்சோடு ஒட்டி மேலேறி வந்து
நாடாவின் வழியில் கிடந்திருக்கிறது.
பிரஸ் நின்றது நூற்றிருபத்தொன்பது பாகையில்.
பஞ்சுக்கு மிச்சம் இருபத்தொன்று.

மறுநாள் க்ருமனெர்ல் கேட்டார்:
"நிற்காவிட்டால் உடைந்திருக்குமா?"
உடைந்திருக்கலாம். துண்டை நசுக்கிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் ஓடியிருக்கவும் கூடும்.
"தெரியாது" என்றேன்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பி,
பாலத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்த
லாரி வரிசையைப் பார்த்தபடி நின்றார்.
என்ன நினைத்தார் என்பதும் தெரியாது.

ரிப்போர்ட்டில் 'சேதம்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.

திரும்பும்போது நாலு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம்.
அந்த வாஷர் என் காரின் சில்லறைக் குழியில் கிடக்கிறது;
கிளச்சை விடும் ஒவ்வொரு முறையும்
ஒரு சின்னச் சத்தம்.