தொழில் என்ற கட்டம்

தெய்ராவில் மீன்கடைக்கு மேல்மாடி
டைப்பிங் சென்டர்.
படிவத்துக்கு எழுபது திர்ஹாம், ஜெராக்ஸ் தனி.

சூசை மிக்கேல் வெல்டர்.
முன்கையெல்லாம் தீப்பொறி கொத்திய புள்ளிகள்.
கம்பெனியிடம் மிச்சமிருக்கும் கோட்டாவோ
தையல்காரர் இரண்டு,
குதிரைப் பராமரிப்பாளர் ஒன்று.
"எதைப் போடட்டும் அண்ணே?"
"குதிரை கடிக்குமா?"
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்,
அவர் சிரிக்கவில்லை.

ஃப்ரீ விசா என்று
மணப்பாட்டில் ஒருவன் மூன்று லட்சம் கேட்டானாம்.
ஃப்ரீ என்றால் இலவசமும் இல்லை,
இஷ்டம்போல என்பதும் இல்லை.
யார் பெயரிலோ வந்து
யார் வேலையையோ பார்த்து
பிடிபடும்போது மட்டும் சொந்தப் பெயர்.
விசிட்டில் வந்து மாற்றலாம்தான்,
தேதி தாண்டினால் ஒவ்வொரு விடியலுக்கும் அபராதம்.
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன் இதையெல்லாம்.

"ஒனக்கு என்ன விசா தங்கச்சி?"

ப்ரிண்டர் கொஞ்ச நேரம் இரைந்தது.

கணவரின் ஸ்பான்சர்.
தொழில்: இல்லத்தரசி.
அடியில் பொடி எழுத்தில்
வேலை செய்ய அனுமதி இல்லை.

சோதனைக்கு ஆள் வந்தால்
கீழே ரஃபீக் ஷட்டரை இரண்டு தட்டு தட்டுவான்.
நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்து
கவுண்டரைச் சுற்றி வந்து
உங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன்.
கைப்பையில் எப்போதும் ஒரு டோக்கன்,
நூற்றுப் பதினேழு.
ஓரம் நைந்துவிட்டது,
இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

மிக்கேல் அண்ணன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.
நகர்ந்தால் இன்னொருவருக்கு இடமிருந்தது.
"குதிரையே போடும்மா" என்றார்.