மீன் அமிலம்

பட்டறை அமிலத்துக்கு ஒரே குணம்.
கொலுசின் கறுப்பைத் தின்னும்,
அசந்தால் விரலையும் தின்னும்.
சிவதாபுரத்தில் பன்னிரண்டு வருஷம்.
என் பெருவிரலில் ரேகை இல்லை.
ரேஷன் கடை மெஷின்
மூன்று முறை அழுத்தச் சொல்லிவிட்டு
நான் நானில்லை என்கிறது.

"செடிக்கு அமிலமா?
பாவம்டி அது" என்றாள் மலர்க்கொடி,
பற்றவைப்புப் பொடியை ஊதிக்கொண்டே.

மாடியில், பெயிண்ட் டப்பாவில்
ஒரு கறிவேப்பிலை இருந்தது.
நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள்.

ஆவணிக் கடைசி ஞாயிறு,
மேட்டூர் மீன் வண்டி முக்கில் நின்றது.
"குடல், செவுள், தலை. கழிவு போதும்."
கத்தியைத் துடைத்தபடி ஜெய்னுலாபுதீன்
"எத்தனை பூனை வளக்கறீங்க?" என்றார்.
காசு வாங்கவில்லை.
மழையில் கசிந்த வெல்லம்
செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மலிவு.
எடைக்கு எடை.
மில்லிகிராமுக்கு மூச்சடக்கும் கை
அன்று ஒரு பிடி கூடவே போட்டது.

மூடியை இறுக்கக் கூடாது.
ராத்திரி வந்து தளர்த்தினால்
வாளி ஒரு பெருமூச்சு விடும்,
செருப்பைக் கழற்றும்போது
நான் விடுவதைப் போலவே.

பிறகு தீபாவளி ஆர்டர் வந்தது.
மூன்று நாள் இரட்டை ஷிப்ட்.
மூடியை மறந்தேன்.

வெடித்தது வெள்ளிக்கிழமை.
தெறித்தது கொடியில் காய்ந்த
வீட்டுக்காரர் மாதேசனின் வேட்டியில்.
விடிந்தால் புரட்டாசிச் சனிக்கிழமை.
இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்து
"கோட்டைப் பெருமாள் முன்னாடி
கெண்டை வாசத்தோட நிக்கவா?" என்றார்.
கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

வெள்ளி துலக்கும் பூந்திக்கொட்டையை
பட்டறையில் கேட்டு வாங்கி வந்து
நடுராத்திரி வரை கசக்கினேன்.
வாசம் போனது.
வெல்ல நிறத்தில் ஒரு பொட்டு போகவில்லை.
துண்டைத் தழையவிட்டு மறைத்துக்கொண்டு
கோயிலுக்குப் போனார்.

மிச்சம் அரை வாளி.
நாற்பதாம் நாள் திறந்தபோது
முள்ளும் கரைந்திருந்தது.
நாற்றம் இல்லை.
கனிந்த மல்கோவாவுக்குள்
மீன் ஒன்று எப்போதோ நீந்திப்போன மாதிரி
ஒரு வாசம்.

ஆசையில் அளக்காமல் ஊற்றினேன்.
இரண்டே நாளில் இலை நுனியெல்லாம் கருகியது.
அமிலம் அமிலம்தான்,
அது எந்தப் பேரில் வந்தாலும்.
மலர்க்கொடியிடம் சொல்லவில்லை.

வேரைத் தண்ணீர்விட்டு அலசி, ஒரு வாரம் பொறுத்து,
பாட்டில் மூடியால் ஒரு மூடி,
ஒன்றரை லிட்டர் தண்ணீரில்.
சாயங்காலம் மட்டும்.
பதினெட்டாம் நாள்
கருகிய கணுவுக்குப் பக்கத்தில்
ஊசி முனையளவு கொழுந்து.
சூடம் காட்டுகிற மாதிரி
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை,
மாடிப்படியின் நாலாவது படியில்
கழுவிக் கவிழ்த்த குவாட்டர் பாட்டில்.
லேபிள் சுரண்டப்பட்டிருந்தது.
கீழே மாதேசன்
வாடிய குண்டுமல்லிக்கு முதுகைக் காட்டி
பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்,
அதே பக்கத்தை, ரொம்ப நேரமாக.

கழுத்துக்குக் கீழே வரை ஊற்றினேன்.
காலண்டர் தாளைக் கிழித்து
'ஒரு மூடிக்கு ஒன்றரை லிட்டர்.
மூடியை இறுக்க வேண்டாம்' என்று எழுதி
பாட்டிலுக்கடியில் வைத்தேன்.
விரலில் வழிந்திருந்தது போல.
தாளின் ஓரத்தில்
பழுப்பாக ஒரு பெருவிரல்,
ஒரு கோடுகூட இல்லாமல்.

யாருடையது என்று
அவர் கேட்கவில்லை.