நீர்மட்டம்

எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பனி மட்டும்
சாம்பல் பச்சை.
பார்த்தவுடன் ஊருக்குத் தெரிந்துவிடும்,
மியாலியா வேலையில் இருக்கிறாள்,
கடன் கேட்க இன்று போக வேண்டாம்.

ஜன்னல் வழியே இறங்கி வரும் மின்கம்பி,
அதன் முனையில் அலறும் சக்கரம்,
அதன் முனையில் நான்.
முகமூடிக்குள் என் மூச்சே உறைந்து
எனக்கு மீசை முளைத்திருக்கிறது.

கல்லைக் கோடையில் படகில் கொண்டுவந்தோம்.
இரண்டு நாள் கடல்.
ஜுவானசி சுத்தியலால் தட்டுவான்,
நான் காது வைப்பேன்.
மணிபோல் ஒலித்தால் படகில் ஏற்று.
தகரம்போல் ஒலித்தால் கரையிலேயே கிடக்கட்டும்.
இந்தக் கல் மணிபோல்தான் ஒலித்தது.
பொய் சொல்லத் தெரிந்த கல்.

தெற்கே இருப்பவர்களுக்குக் கரடி ஆட வேண்டுமாம்.
ஒற்றைக் கால் தரையில், மறு கால் வானத்தில்.
நாற்பத்தோரு வருடத்தில் கரடி பார்த்திருக்கிறேன்
குப்பைமேட்டில், பள்ளிக்கூட வாசலில்,
ஒருமுறை என் கூடாரத்துக்குள்ளேயே, தலை மட்டும்.
எதுவும் ஆடவில்லை.
ஆனால் பனிவண்டியின் பட்டை அறுந்து கிடக்கிறது.
ஆடு கரடியே என்றேன்.

ஒன்பது நாள் ஆடியது.
பத்தாம் நாள், நகங்களுக்கு அரம் போடும்போது,
சத்தமே இல்லை,
தூக்கிய கால் என் மடியில் கிடந்தது.
உள்ளே துரு நிறத்தில் ஒரு நரம்பு
இடுப்பு வரை ஓடியிருந்தது.

பசை இருக்கிறதே என்றான் ஜுவானசி.
பசையை அவர்கள் நகத்தாலேயே கண்டுபிடிப்பார்கள்.
தேநீர் குடித்தேன்.
காரணம் இல்லாமல் அவனைத் திட்டினேன்.
பிறகு கரடியைக் கவிழ்த்து, சாய்த்து,
தோளுக்குக் கீழே சாய்வாக அறுத்தேன்.
இடுப்பும் நின்ற காலும் ஆட்டமும்
அந்தப் பக்கம் விழுந்தன.

இப்போது மேசைதான் கடல்.
மூக்கு, நெற்றி, முதுகில் ஒரு திட்டு.
மற்றதெல்லாம் பலகைக்கு அடியில்
நீந்துகிறது.
ஈரத் தாளால் தேய்க்கத் தேய்க்க
கல் இருண்டு, இன்னும் இருண்டு,
அக்டோபர் தண்ணீரின் நிறத்துக்கு வந்தது.

உடைந்த காலுக்குள் ஒரு சீலின் தலை கிடைத்தது.
கட்டைவிரல் அளவு. மீசைத் துளைகள் ஆறு.
அது இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டுறவுக் கடையில் ஐசாசி
கரடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
கால் எங்கே?
குனிந்து பார், மேசைக்கு அடியில்.
குனிந்தும் விட்டான், பாவம்.
எழுந்தபோது காது சிவந்திருந்தது.
சிரித்துக்கொண்டே, படம் எடுக்க,
இரண்டையும் ஒட்டி வைத்தான்.
நான் சீல் தலையை ஒரு முழம் தள்ளி வைத்தேன்.
அவன் கிட்டே நகர்த்தினான்.
நான் தள்ளினேன்.

ரசீதில் எழுதினான்: கரடி ஒன்று, சீல் ஒன்று.
நடுவில் இருந்ததை எழுதவில்லை.
எந்த ஊரிலோ, எந்த மேசையிலோ,
தூசி துடைக்கிற ஒரு கை
வெள்ளிக்கிழமைதோறும் அதை மாற்றும்.
ஒரு வாரம் பிழைக்கும்.
ஒரு வாரம், கைக்குத் தெரியாமலே,
மூக்கருகே வந்துவிடும்.

கிடைத்த பணத்துக்குப் பழைய பட்டைதான் வந்தது.
மாட்டிப் பார்த்தான் ஜுவானசி.
ஓடுகிறது, கொஞ்சம் கத்துகிறது.

வாசலில், வெட்டி எறிந்த இடுப்பும் ஒற்றைக் காலும்
பச்சைப் பனியில் தலைகீழாகப் பாதி புதைந்து நிற்கின்றன.
நாய் ஒன்று வந்து மோந்துவிட்டுப் போனது.