மருந்து கேக்குதா?

பத்தொன்பது வருசம்
முதுகில் பம்பு சுமந்தவள் நான்.
பகாவ் சுற்றிய செம்பனைக் காடுகளில்
எங்கே எந்தக் களை நிற்கும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பதினாலாம் நம்பர் காட்டில் சம்பாவ் புல்
ஒரு வருசம் மருந்துக்கு மசியவில்லை.
ஒரு மூடிக்கு இரண்டு மூடி ஊற்றச் சொன்னார்
மண்டோர் குழந்தைசாமி.
கன்றுகளின் மட்டை மஞ்சளாச்சு,
என் நகம் கறுத்தது,
புல் மட்டும் குளித்து வந்ததுபோல் பளபளத்தது.

அதே கதைதான் இப்போது என் வயிற்றில்.
முதல் ஆறு ஊசிக்கு அடங்கிப் படுத்தது.
தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தேன்.
தைப்பூசத்துக்குள் எழுந்துவிட்டது.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுராயா
கார்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார்.
மலாயில் சொன்னார், எனக்குத் தமிழாகவே கேட்டது.
இது உங்கள் செல். மருந்து இந்த வழியாகப் போகும்.
இங்கே ஒரு பம்பு.
வந்ததையெல்லாம் வெளியே அடித்துவிடும்.

பம்பா என்றேன்.
பம்புதான் என்றார்.
சிரித்துவிட்டேன்.
டிரிப் போட்டிருந்த சீன அம்மா திரும்பிப் பார்த்தார்.

என் உடம்பில் பிறந்தது
வேறென்ன வேலை கற்றிருக்கும்?
அதுவும் மருந்தடிக்கிறவள்தான்.
விடியற்காலைப் பிரட்டுக்கு முதல் ஆளாய் நிற்கிறாள்,
லீவு கிடையாது,
சம்பளமில்லாத ஓவர்டைம் வேறு.

டோஸை ஏற்றலாமா என்று மகன் கேட்டான்.
நான்தான் வேண்டாம் என்றேன்.
மஞ்சளான மட்டை ஞாபகம்.

பம்பை நிறுத்த எனக்குத் தெரியும்.
துரைமேல் கோபம் வந்த நாளில்
நாஸிலில் ஒரு சிட்டிகைச் செம்மண் வைப்போம்,
தெய்வாத்தாளும் நானும்.
தோள் இறங்கும்வரை கைப்பிடியை அடிக்கலாம்,
சொட்டு வராது.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.
ஒரு மாத்திரை எடுத்துக் காட்டினார்,
இன்னும் பரிசோதனையில் இருப்பது,
மூன்று இடத்தில் கையெழுத்து.
முதலில் அது. ஒரு மணி நேரம் கழித்து ஊசி.
நிறமும் செம்மண்தான், தேவலாம்.

மூன்றாம் முறை ரத்தம் எடுத்தபோது
அறுநூற்று நாற்பது, நானூற்றுப் பத்தாச்சு.
நானூற்றுப் பத்தும் நல்ல எண்ணில்லை.

பகாவ் பஸ் நிலையத்தில்
காய்கறிக்காரர், கோயில் பூசாரி,
பென்ஷன் வாங்க வந்த குழந்தைசாமிகூட
ஒரே கேள்வி:
மருந்து கேக்குதா?

ராத்திரி விளக்கணைத்ததும்
அடிவயிற்றில் கை வைத்து,
பிரட்டில் பராக்குப் பார்க்கிறவளை
அதட்டுகிற குரலில்
நானும் கேட்கிறேன்:
ஏய், கேக்குதா?